பூஜ்யம் நம்பர் பெஞ்சு

திருவள்ளூரில் கணிப்பொறி மாநாடு நடந்தது; கணிப்பொறி மட்டும் வரவில்லை. எப்படி வரும்? கல்யாண மண்டபத்து வாசலை இடித்தால்தான் அது உள்ளே நுழையும். ஆகவே 1974 ஐப்பசியில், பல்கலைக்கழகங்களின் கணிப்பொறிப் பிரிவு ஊழியர்கள் எண்பது பேர், வருஷா வருஷம் கூடுகிற மாதிரி கூடி, மெஷின் இல்லாமலேயே மூன்று நாள் அதைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள்.

போட்டி ஒன்றும் உண்டு. அவரவர் எழுதிய புரோகிராமை, வரிக்கு ஒன்றாக, துளையிட்ட அட்டைகளாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் நாலு மணிக்கு வேன் அவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோகும். அங்கே மெஷினில் ஓட்டி, மறுநாள் காலை அச்சடித்த தாளோடு வருவார்கள்.

மணி மூன்றரை. வைஜயந்தி முந்நூற்றுப் பத்து அட்டைகளை மார்போடு அணைத்தபடி, மழைக்குப் பயந்து மண்டபத்துப் படியேறி ஓடிவந்தாள். எதிரே ஒருவன் குடையை உதறிக்கொண்டே திரும்பினான்... டமால்! அத்தனை அட்டையும் தரையில்.

"ஐயையோ... பெருமாளே!"

"ஸாரிங்க... நான் பாக்கல."

"பாக்கலையா? கண்ணு எதுக்கு இருக்கு உங்களுக்கு?"

அந்தக் கண்களை அப்போதுதான் அவளும் பார்த்தாள். கறுத்த, பெரிய கண்கள். இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... சே! முதலில் அட்டையைப் பார், வைஜயந்தி.

அவன் குனிந்து பொறுக்கினான். "இன்னாங்க, கோடே இல்லியே?"

அட்டைக்காரர்கள் எல்லோரும் கட்டின் மேல் விளிம்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கலைந்துபோனால் கோடு சேருகிற மாதிரி அடுக்கிவிடலாம். வைஜயந்தி மட்டும் இழுப்பதில்லை. அதெல்லாம் கீழே போடுகிறவர்களுக்கு என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"நான் எதையும் கீழே போடறதில்லை," என்றாள் விறைப்பாக.

"கரெக்ட்டுதாங்க. போட்டது நான்தானே?" என்று சிரித்தான்.

அவன் செங்கல்வராயன். சென்னையில் அந்த மெஷினை ஓட்டுகிற ஆப்பரேட்டர். பழவேற்காட்டில் வலை போடுகிற வீட்டுப் பிள்ளை. அவளோ இதே திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்கிறவரின் பெண். இருநூறு மைலுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிகப் புரோகிராமர். போட்டியில் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் பழையபடி டைப்பிங் பிரிவு என்று அவளுடைய மேலதிகாரி ராமபத்ரன் சொல்லியிருந்தார். புரோகிராம் எழுதிய தாள்கள் அங்கே ஆபீஸ் மேஜையில் பத்திரமாக இருந்தன.

இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகப் படித்து அடுக்கினார்கள். பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு பெஞ்சு ஒதுக்கும் புரோகிராம் அது. கடைசியில் இரண்டே அட்டை. ஒன்று பெஞ்சு நம்பரைக் கூட்டுவது, மற்றது அச்சடிப்பது.

"கூட்டறது முன்னாடி வரணுங்க. நம்பர் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்குதே..."

"அச்சடிக்கறதுதான் முன்னாடி!" நேரம் போகிற பதற்றம், ஆப்பரேட்டர் ஒருவன் சொல்லிக்கொடுப்பதா என்ற ரோஷம். "மெஷினை ஓட்டறதுதானே உங்க வேலை? ஓட்டுங்க. எழுதினது நான்."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் சொன்னபடியே செருகினான். வேன் ஹாரன் அடித்தது.

மறுநாள் காலை அவன் இரண்டு தாள்களோடு வந்து, ஓரமாக அவளைக் கூப்பிட்டான்.

"இது நீங்க சொன்ன மாதிரி. மொத பையனுக்கு பூஜ்யம் நம்பர் பெஞ்சு. அவன் பாவம், எங்கங்க போய் உக்காருவான்? இது நான் மாத்தி ஓட்டினது. சரியா வந்துகீது. இன்னும் யார்கிட்டயும் காட்டல. எதைக் குடுக்கணும், நீங்களே சொல்லுங்க."

வைஜயந்திக்குக் காது சுட்டது. "நான் அப்படிப் பேசினப்புறமும்... எதுக்கு மறுபடி ஓட்டினீங்க?"

"உங்க முந்நூறு அட்டை கரெக்ட்டு. ரெண்டுக்காக வேலை போவுணுமா?"

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த நல்ல மனசைத்தான் தாங்க முடியவில்லை.

சரியான தாளையே கொடுத்தாள். மேடையில் அவள் பெயர் வாசித்தார்கள், கைதட்டல். முன்வரிசையில் இருந்த ராமபத்ரன் நிரந்தர உத்தரவை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தேவிட்டார். மைக் முன்னால் நின்ற வைஜயந்தி, கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்தாள். அவன் மகிழ்ச்சியாகத் தட்டிக்கொண்டிருந்தான்... பைத்தியக்காரன்!

"இதுல ரெண்டு அட்டையை நான் தப்பா வச்சேன். சொல்லியும் கேக்கலை. திருத்தினவர் ஆப்பரேட்டர் செங்கல்வராயன்."

அடுத்தவர் கை பட்ட புரோகிராம் போட்டியில் செல்லாது. "அசடு! வாயை வச்சுண்டு சும்மா இருக்கக் கூடாதோ?" என்று முணுமுணுத்த ராமபத்ரன் பேனாவை மூடினார். டைப்பிங் பிரிவுதான்.

பிற்பகல் எல்லோரையும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் இரும்பு உருக்குவதைப் பார்க்க இறங்கினார்கள். வைஜயந்தி இறங்கவில்லை. வெளியே தூறல்... தகரக் கூரைகளின் மேல் மெல்லிய சத்தம். ஜன்னலுக்குக் கீழே செங்கல்வராயன் வந்து நின்றான். கோபமாக.

"இன்னாங்க பண்ணி வச்சீங்க? நான் வாயைத் தொறக்க மாட்டேன்னு தெரியும்ல? வேலை கையிலயே இருந்துச்சே!"

"இருந்தது."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மா இருந்திருந்தா வேலை இருந்திருக்கும்... உங்க முகத்தை நேரா பாக்க முடியாது. எனக்குப் பாக்கணும்." குரல் தழைந்தது. "இன்னிக்கு மட்டும் இல்ல... தினமும்."

அவன் கோபம் எங்கே போயிற்றோ! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க ஊட்ல வாசல்லயே மீன் காயுங்க... உங்க அப்பா..."

"தெரியும். அப்பாகிட்ட நானே சொல்றேன்."

"பயமா இல்ல?"

"எண்பது பேர் முன்னாடி பேசினப்போகூட இல்லை. இப்போ உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்... பாருங்கோ, கை எப்படி நடுங்கறது!"

அவன் பார்த்தான். அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து நடுங்கிக்கினுதாங்க இருக்கு," என்றான்.