நாலாம் குடுவைக்கு ஓய்வு

"அப்போ நாலைக் கொட்டிடுங்க. வளையம் வரலைன்னா கொட்டறதுதானே இங்கே வழக்கம்?"

"மூணு மாசமா வளர்த்தேன், மேடம்..."

"அதுக்காக? நீங்களே பாருங்க."

ஆய்வகத் தலைவி ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். தட்டு முழுக்கக் கிருமிகள் வெள்ளையாகப் படர்ந்திருந்தன. நடுநடுவே ஆறு குடுவைகளிலிருந்து ஆறு சொட்டு விட்டிருந்தார்கள். ஒவ்வொரு குடுவையிலும் ஒரு பூஞ்சை வளர்ந்து, கிருமியைக் கொல்லும் மருந்தைத் தண்ணீரில் விட்டிருக்க வேண்டும். ஐந்து சொட்டுகளைச் சுற்றிக் கிருமிகள் செத்துத் தெளிவான வளையம் தெரிந்தது. நாலாவதைச் சுற்றி? ஒன்றுமே இல்லை.

அந்த நாலாவது, சிறுமி குருவியின் அம்மாவே ஒரு மரப்பட்டையிலிருந்து எடுத்து வளர்த்தது.

மூலையில் முக்காலியில் உட்கார்ந்து குருவி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் அம்மாவின் வேலை முடியும்வரை அவள் இங்கேதான் இருப்பாள். ஒரே நிபந்தனை, எதையும் தொடக் கூடாது.

போன வாரம் தொட்டுவிட்டாள்.

சொன்னால் இனி உள்ளேயே விடமாட்டார்கள். சொல்லாவிட்டால்? அம்மா குடுவையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அம்மா, இரு! தப்பு அதுமேல இல்ல. என்மேல!"

இருவரும் திரும்பினார்கள்.

"குடுவைங்களை ஆட்டற மேஜைலேர்ந்து நாலை இறக்கி ஜன்னல்கிட்ட வெச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறந்து வீட்டுக்கு வந்துட்டேன். திங்கக்கிழமைதான் திருப்பி வெச்சேன்."

"எதுக்குடி இறக்கினே?"

"ராத்திரி பகலா சுத்திக்கிட்டே இருக்கே. அதுக்குத் தலை சுத்தும்ல? பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னு..."

"பூஞ்சைக்கு ஏதும்மா தலை?" என்றார் தலைவி. சிரிக்கவில்லை.

அம்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆட்டினாத்தான்டி தண்ணிக்குள்ள காத்து போகும். மூணு நாள் காத்தில்லாம கிடந்தா மருந்து எங்கேர்ந்து வரும்? ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"குழந்தைங்களை இங்கே கூட்டிட்டு வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" தலைவியின் குரல் உயர்ந்தது. அம்மா தலை குனிந்தாள்.

குருவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.  

"நான் இனிமே வெளியிலயே உக்காந்துக்கறேன், மேடம். அதை மட்டும் கொட்டாம, இன்னொரு தடவை நிறுத்தாம ஆட்டிப் பாக்கறீங்களா?"