பொய்க் கல்யாணத்து மாப்பிள்ளை

தெருவின் நடுவே அவள் கிடந்தாள்.

மஞ்சள் கவுன். ஒரு கை தலைக்கு மேலே துவண்டு கிடந்தது. காலில் ஒற்றைச் செருப்பு. கழுத்திலிருந்து தோள்வரை... ஐயோ... ஒரே சிவப்பு!

முனை திரும்பிய ஜபுலானிக்கு மூச்சே நின்றுவிட்டது. அவன் செய்தித்தாளுக்குப் படம் எடுப்பவன். இப்படி ஒன்றைக் கண்டால் கை தானாகக் காமிராவைத் தேடும். அன்று தேடவில்லை. ஓடினான். மண்டியிட்டு, அவள் தலையை எடுத்து மடியில் வைத்து, கைக்குட்டையை உருவித் தோளில் அழுத்தினான்.

“கண்ணைத் திறம்மா... என்னைப் பாரு... ஐயோ, யாராச்சும் ஓடி வாங்களேன்!”

ஒரு கண் மட்டும் திறந்தது.

என்ன கண் அது! மழைக்கு முந்தின வானம் மாதிரி... கருமை, அதற்குள் எங்கோ ஒரு மின்னல்.

“ஏங்க...” உதட்டை அசைக்காமலே அவள் முணுமுணுத்தாள். “அழுத்தாதீங்க. அது பீட்ரூட்.”

“எ... என்னது?”

“பீட்ரூட் சாலட். வினிகர் ஊத்தினது. கண்ணு வேற எரியுது. தள்ளிப் போங்க, படத்தை மறைக்கிறீங்க!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே கவிழ்த்துப் போட்ட பீப்பாய் மேல் ஒரு பருத்த அம்மாள், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு படக்காரர். சைக்கிளோடு ஒருவன். கிண்ணத்தோடு ஒருத்தி.

“யாருப்பா நீ?” என்றாள் பீப்பாய் அம்மாள். “என் கதைக்குள்ள எப்படி நுழைஞ்ச?”

எண்பத்தாறாம் ஆண்டு நவம்பர் மாதம் அது. கறுப்பர் குடியிருப்பான எங்கள் சொவெட்டோவில் வெள்ளையர் அரசின் நெருக்கடி நிலை. தெருவுக்குத் தெரு கவச வண்டி. சனிக்கிழமைதோறும் சவ ஊர்வலம். அந்த நாட்களில்தான் யூனிஸ் அக்காவும், டாலியும், நொமுசாவும் சேர்ந்து ‘ஷெரி’ நடத்திக்கொண்டிருந்தார்கள். ஷெரி என்றால் எங்கள் பக்கத்தில் காதலிக்குச் செல்லப்பெயர். வாராவாரம் வரும் படக்கதைப் பத்திரிகை. ஆளை நிறுத்திப் படம் பிடித்து, பக்கத்திலேயே பேச்சை அச்சடித்திருப்பார்கள். பீப்பாய் மேல் நின்ற யூனிஸ் அக்கா பத்திரிகை ஆசிரியை, கிண்ணத்தோடு நின்ற டாலி தையலும் மாமியார் வேஷமும், கதையும் கதாநாயகியும் மஞ்சள் கவுன் நொமுசா. இந்த வாரக் கதையில், கல்யாணத்துக்கு சாலட் எடுத்துப் போகும் பெண் மேல் சைக்கிள்காரன் மோதுகிறான். பெண் மயங்குகிறாள். காதல் பிறக்கிறது!

ஜபுலானி எழுந்தான். சட்டையெல்லாம் பீட்ரூட்.

“விளையாட்டா?” என்றான். குரல் வெடித்தது. “இந்த ஊர்ல, இந்த நாள்ல, செத்துக் கிடக்கிறது உங்களுக்கு விளையாட்டா?”

நொமுசா துள்ளி எழுந்தாள். “ஹலோ! நான் சாகல, மயங்கினேன். கதைப்படி இன்னும் ரெண்டு பக்கத்துல எனக்குக் கல்யாணம்...”

“போன வாரம் இதே முனையில ஒரு பொண்ணை இப்படித்தான் மடியில எடுத்து வச்சேன்.” அவன் கைகள் நடுங்கின. “அவ கண்ணைத் திறக்கல.”

 

அவன் போய்விட்டான். சைக்கிள்காரன் ஸோலா மெல்ல விசிலடித்தான். “அழகாத்தான் இருக்கான்... ஆனா இடி விழுந்த மரம் மாதிரி இருக்கான்.”

“வாயை மூடு” என்றாள் நொமுசா.

அன்று மாலை மழை கொட்டியது. தகரக் கூரையில் அது தடதடவென்று அடிக்க, நொமுசா கவுனை அலசினாள், அலசினாள்... கறை போனால்தானே! ‘விளையாட்டா’ என்று கேட்டுவிட்டானே! அவனுக்கு என்ன தெரியும்? அவள் அண்ணன் சாண்டிலேவை ஜூன் மாதம் போலீஸ்காரர்கள் தூக்கிப் போனார்கள். விசாரணை இல்லை, வழக்கு இல்லை. அம்மா ஞாயிறுதோறும் சிறை வாசலில் நிற்கிறாள். எங்களுக்கும் அழத் தெரியும் என்று அவன் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்க வேண்டும்... ஏன் சொல்லவில்லை? அந்தக் கைகள் அப்படி நடுங்கினவே!

சே... அவன் கைகளை நான் எதற்கு நினைக்கிறேன்?

அடுத்த சனிக்கிழமை மதியம், டூபே தெருவில் கல்யாணக் காட்சி. நொமுசா வெள்ளை உடையில் நின்றாள். அட்டைப்பெட்டிகளை அடுக்கிச் சர்க்கரைப் பாகு பூசிய மூன்றடுக்கு கேக் ஒன்று மேசையில் கம்பீரமாக இருந்தது. ஒன்றுதான் இல்லை. படக்காரர் முன்தினமே பயந்துபோய்ச் சொந்த ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

யூனிஸ் அக்கா தலையில் கை வைத்த நேரம், தெருமுனையில் ஒரு கறுப்பு சூட் தெரிந்தது. ஜபுலானி! இடுகாட்டிலிருந்து நேரே வந்திருந்தான்.

“மன்னிப்புக் கேக்க வந்தேன்” என்றான்.

“அதுக்கு ஏங்க இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் நொமுசா.

“என் முகமே இப்படித்தான்.”

“பேரு?”

“ஜபுலானி.”

‘மகிழுங்கள்’ என்று அந்தப் பேருக்கு அர்த்தம். டாலி குபீரென்று சிரித்துவிட்டாள்.

“உங்க அம்மா நல்லாத்தான் கிண்டல் பண்ணியிருக்காங்க” என்றாள் நொமுசா. தலை குனிந்திருந்தாலும், கண் மட்டும் மேலே வந்தது.

“மன்னிப்பெல்லாம் அப்புறம்” என்று குறுக்கே வந்தாள் யூனிஸ் அக்கா. “கையில காமிரா இருக்கா? நில்லு இங்க. எடு!”

எடுத்தான். ஆனால் எப்படி எடுத்தான்!

“தம்பி, இவ கல்யாணப் பொண்ணுப்பா! புருஷனைப் பறிகொடுத்தவளாட்டம் நிறுத்துறியே. கொஞ்சம் சந்தோஷமா எடேன்!”

“சந்தோஷமா எப்படி எடுக்கிறது?”

“முதல்ல நீங்க சிரிக்கணும்” என்றாள் நொமுசா.

“பழக்கம் விட்டுப்போச்சு.”

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னான்.  காமிராவுக்குப் பின்னாலிருந்து அவன் பார்க்க, இவள் பார்க்க... படம் எடுக்கவே அவன் மறந்துபோனான்.

அப்போதுதான் மண் அதிர்ந்தது. கவச வண்டி!

மாப்பிள்ளை வேஷத்தில் இருந்த ஸோலா ஒரே தாவலில் சுவரேறிக் குதித்து மறைந்தான். ஜபுலானியின் முகம் சாம்பலானது. “பையில காலையில எடுத்த ரெண்டு ஃபிலிம் ரோல் இருக்கு” என்றான் மூச்சுவிடாமல். “சவ ஊர்வலம்... போலீஸ் அடிச்சது... எல்லாம் இருக்கு. மாட்டினா நான் வெளியே வர மாட்டேன்.”

நொமுசா யோசிக்கவில்லை. ரோல்களைப் பிடுங்கினாள், கேக்கின் அடி அடுக்கைத் தூக்கினாள், உள்ளே திணித்தாள், மூடினாள். காமிராவை டாலி கையில் கொடுத்தாள். பிறகு அவன் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியிலிருந்து ஓர் அதிகாரி இறங்கினான், வெள்ளைக்காரன். பின்னால் எங்கள் கறுப்பர் இனத்து ஆள் ஒருவன், கான்ஸ்டபிள்.

“என்ன கூட்டம் இது? யார் அனுமதி கொடுத்தது?”

“கல்யாணம் ஐயா” என்றாள் யூனிஸ் அக்கா.

“மாப்பிள்ளை எங்கே?”

“இவர்தான்” என்றாள் நொமுசா. அவளுக்கே தன் குரல் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது.

அதிகாரி ஜபுலானியை மேலும் கீழும் பார்த்தான். “கல்யாணத்துல சிரிக்காத மாப்பிள்ளையை இப்பத்தான் பாக்கிறேன்” என்றான். கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று. “உன்னை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே...”

தெருவே உறைந்தது. ஜபுலானியின் விரல்கள் அவள் விரல்களுக்குள் ஐஸாகக் குளிர்ந்தன. சிரிக்க முயன்றான். உதடு கோணியதே தவிர, சிரிப்பு வரவில்லை.

நொமுசா எம்பி அவன் காதருகே போனாள்.

“ஏங்க... பீட்ரூட்.”

அவ்வளவுதான்! முதலில் மூக்கு விடைத்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு... எத்தனை மாதத்துச் சிரிப்போ, உடைந்து கொட்டியது. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். டாலி குலவையிட்டாள். எதிர்வீட்டுப் பெண் குலவையிட்டாள். வேலிக்கு வேலி, வாசலுக்கு வாசல், பெண்கள் பாடிக்கொண்டே தெருவில் இறங்கினார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. கால் தட்டி, தோள் ஆட்டி, அசல் கல்யாணப் பாட்டு!

ஜபுலானி திகைத்துப் பார்த்தான். இவர்களை அவனுக்குத் தெரியும். காலையில் இடுகாட்டில் பாடிய அதே பெண்கள். அதே தொண்டைகள். அவற்றுக்குள் இந்தப் பாட்டும் இருந்ததா? இவ்வளவு நாளும் இருந்ததா? அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான்... கன்னத்தில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

“ஒரு துண்டு கேக் குடுங்கம்மா” என்று கான்ஸ்டபிள் மேசைப் பக்கம் வந்தான்.

 டாலி குறுக்கே பாய்ந்தாள். “ஏன்டா தம்பி, உன் வீட்டுல பெரியவங்க இல்ல? மாப்பிள்ளையோட சித்தப்பா வராம கேக்கை வெட்டுவாங்களா? தள்ளு!”

கான்ஸ்டபிள் அசட்டுத்தனமாகத் தலையைச் சொறிந்தான். வானம் இடித்தது. பெரிய பெரிய துளிகள் விழுந்தன. அதிகாரி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான். வண்டி நகர்ந்தது... முனை திரும்பியது... போயே போய்விட்டது.

கையை விட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

“நொமுசா!”

அடுத்த இடி அது. அம்மா! நகரத்தில் வீட்டுவேலை முடித்துச் சனிக்கிழமை திரும்புகிறவள், நனைந்த பையோடு நின்றாள்.

“டாக்சி ஸ்டாண்டுலேர்ந்து வர்றதுக்குள்ள ஏழு பேர் வாழ்த்திட்டாங்கடி! எனக்குத் தெரியாம என் பொண்ணுக்குக் கல்யாணமா? பரிசமா என் வாசல்ல ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட யாரும் கொண்டுவந்து கட்டலையே!”

“அம்மா, இது கதைம்மா... பொய்க் கல்யாணம்...”

“கோத்த கை பொய்யா?”

இருவரும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள். அம்மாவின் கண் டாலி கையிலிருந்த காமிராவில் நின்றது. “பத்திரிகைக்காரனா நீ?” குரல் திடீரென்று இறங்கிவிட்டது. “வேண்டாம் தம்பி. என் மகன் ஜூன்லேர்ந்து உள்ளே இருக்கான். அந்த வாசல்ல ஒருத்தனுக்கு நிக்கிறதே என்னால முடியல. உனக்கும் சேர்த்து இவ நிக்கணுமா?”

ஜபுலானி அடிபட்டவன்போல நொமுசாவைப் பார்த்தான். “உங்க அண்ணனா? அன்னைக்கு நான் அவ்வளவு பேசினேனே... ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா?” அவள் கண்களில் மின்னல் வெட்டியது. “சரி, உனக்கும் துக்கம் இருக்கு, நீ சிரிச்சுக்கோன்னு அனுமதி குடுத்திருப்பீங்களா? என் சிரிப்புக்கு நான் யார்கிட்டயும் அனுமதி வாங்கறதில்ல.”

கேக்கிலிருந்து ரோல்களை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் அம்மாவோடு மழைக்குள் நடந்தாள். திரும்பியிருந்தால் அழுதிருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. சிறை வாசலில் நீண்ட வரிசை, எல்லாம் பெண்கள். தூறல். அம்மாவும் நொமுசாவும் ஒரே குடைக்குள் ஒட்டி நின்றார்கள். நொமுசா தற்செயலாகத் திரும்பினாள்... திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னால், பத்துப் பேருக்கு அப்பால், நனைந்துகொண்டு ஜபுலானி! தோளில் காமிரா இல்லை.

“இங்க என்ன பண்றான் இவன்?” என்றாள் அம்மா.

அவன் அங்கிருந்தே பேசினான். “நிக்க வந்தேம்மா. உங்களால முடியலைன்னு சொன்னீங்களே. ஒரு ஆள் கூட நின்னா கொஞ்சம் சுலபமா இருக்குமேன்னு...”

வரிசைப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.  மழை வலுத்தது. அவன் நகரவில்லை.

உள்ளே போக ஒருவருக்குத்தான் அனுமதி. அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கதவுவரை போனாள், நின்றாள், வரிசையில் பின்னோக்கி நடந்து அவன் எதிரே வந்தாள்.

“இந்தா, பிடிச்சுக்கோ” என்றாள். அவன் விழித்தான். “குடையைச் சொன்னேன்!”

அம்மா உள்ளே போனாள், கதவு மூடியது. குடையைத் தேடிப் பின்னால் வந்த நொமுசாவும் அவனும் ஒரே குடைக்குள். ஒரு தோள் நனைய, ஒரு தோள் உரச...

“முத்திப்போச்சா உங்களுக்கு? ஆள் பிடிக்கிற வாசலுக்கு நீங்களே வந்து நிக்கிறீங்களே! அடையாளம் கண்டுபிடிச்சா?” என்று சீறினாள் நொமுசா.

“பயமாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“எனக்கு வசனம் எல்லாம் வராது.” அவன் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நேத்து நீங்க கையை விட்டதும்... கை என்னுதாவே இல்ல. ராத்திரி பூரா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. அவ்வளவுதான்.”

நொமுசா குடைக் காம்பைப் பிடித்து அவன் பக்கம் சாய்த்தாள்.

“என்ன... மோசமா சொல்லிட்டேனா?”

“ரொம்ப மோசம்” என்றாள் அவள். “ஒவ்வொரு வாரமும் இந்தக் கட்டத்தை நான் இதைவிட நல்லா எழுதியிருக்கேன். நிலா, நட்சத்திரம்னு... எல்லாம் போட்டு.” கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் கூடவே. “ஆனா என்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல.”

“பதில்?”

கதாநாயகிகளுக்கு எத்தனை பதில்கள் எழுதியிருக்கிறாள்! ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“எனக்கும்தான்” என்றாள். பிறகு, அவனுக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று பயந்தவள் மாதிரி, வரிசை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு!”