ஒன்றுக்கு முன்னால்

குவிமாடத்தின் விளக்குகள் வெளுத்ததும் பரிமாறி சின்னத் தட்டை எடுத்தது. இரண்டு இட்டிலியும் சர்க்கரையும் வைத்து, "பொழிலா, ஆறிப்போகுது, வா" என்று கூப்பிட்டது. செவ்வாய்க் கிரகத்தில் வீட்டுக்கு வீடு சாப்பாடு போடுகிற இயந்திரம் அது. பொழிலன் காய்ச்சலில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் அம்மா செம்பருத்தி தினமும் இந்தக் குரலில்தான் கண்விழிக்கிறாள். அன்று அதற்கு மேல் தாங்காமல், ஊர்க் கணக்கை வைத்திருக்கும் எண்ணகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

செவ்வாய்க்குக் குடிவந்த நம் ஆட்களைச் சும்மா சொல்லக்கூடாது. மொய் எழுதினால்கூட நூறோடு நிறுத்தாமல் மேலே ஒரு ரூபாய் வைத்த பரம்பரை. பூமியை விட்டே கிளம்பும்போதும் "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வர்றோம்" என்றவர்கள். புது ஊரில் சுழியம் என்ற அபசகுனமே வேண்டாம் என்று, ஊர்க் கணிப்பொறிக்கு ரோமன் எண்களை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ஒன்று உண்டு, ஆயிரம் உண்டு. ஒன்றுக்கு முன்னால் எதுவும் கிடையாது. ஒரு வீட்டில் முதல் குழந்தை பிறந்ததும் பிள்ளைக் கணக்கில் ஒன்று ஏறும்; அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பரிமாறி தட்டு வைக்கும். இருந்த ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அதுவரை அங்கே இருந்ததில்லை.

எண்ணக அதிகாரி திருமேனி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

"ஒண்ணுல ஒண்ணு போனா என்ன போடறதும்மா? மெஷினுக்கு அதுக்கு எழுத்தே கிடையாதே."

"ஒண்ணுமில்லன்னு போடுங்க சார். தெனம் எம்புள்ளைய அது சாப்பிடக் கூப்பிடுது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. சின்ன வயசுதானே, சீக்கிரமா இன்னொண்ணு பெத்துக்குங்க. இருக்கற ஒண்ணு மேலயே புதுப் பேரை ஏத்திடறேன். கணக்கும் நேராயிடும், உங்க மனசும் ஆறிடும்."

அவளுக்கு இது புதிதில்லை. அடுத்த வீட்டுக்காரி சொல்லியாயிற்று. பூமியிலிருந்து திரையில் வந்த மாமியார் சொல்லியாயிற்று. பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கே ஒருவர் சொன்னார். செம்பருத்தி எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"பொழிலன் இன்னும் சாப்பிடலம்மா" என்றது பரிமாறி.

அவள் அதன் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு இன்னொரு குழந்தை பொறந்தா என்ன பண்ணுவே?"

"ரெண்டு தட்டு வைப்பேன்."

செம்பருத்தி அந்த இட்டிலிகளைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு அழுதாள். நான்கு மாதத்தில் ஒருவரும் அவளுக்கு அப்படிக் கணக்குச் சொன்னதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரி, "இன்னுமா அழுவுறா?" என்று யாரிடமோ கேட்டாள்.