எட்டிப் பார்த்த வரி

மும்பை சயானில் இருக்கும் ஆபீசில் மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு, நட்டநடுப் பகலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குத் திரும்பியிருந்தாள் ஷமீமா. சந்துக்குள் மழைச் சாக்கடை நாற்றம், தோல் வாடை, யாரோ மீன் பொரிக்கும் வாசனை எல்லாம் வழக்கம்போல இருந்தன. சுயம்பு அண்ணனின் தையல் மெஷின் சத்தம் மட்டும் இல்லை. மெஷின் இருந்த வீடும் இல்லை. கோமதியம்மாள் வீட்டுக்கும் கரீம் பாட்சா வீட்டுக்கும் நடுவே, பாசி பிடித்த சுவர் ஒன்று நின்றது.

"உம்மா, சுயம்பண்ணன் வீடு எங்க?"

குக்கரை மூடிக்கொண்டிருந்த பீவி திரும்பவில்லை. "எந்தச் சுயம்பு? அங்கன எப்பவும் சுவருதானட்டீ."

ஷமீமாவுக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. குடியிருப்புக் கணக்கெடுப்புக்காக அவள் எழுதிய பைத்தான் புரோகிராம், சந்தின் ஃபைலை வரி வரியாகப் படிக்கும். வீட்டுக்கு ஒரு வரி. மாடி இருந்தால் அது அடுத்த வரி. அதனால் ஒன்றைப் படித்ததும் அடுத்ததை எட்டிப் பார்க்க வேண்டும். அது வேறு வீடாக இருந்தால், பத்திரமாக வைத்திருந்து அடுத்த சுற்றில் படிக்க வேண்டும். எடுத்த வரியை ஃபைல் திரும்பத் தராது. பத்திரமாக வைக்கும் அந்தப் பகுதியைத்தான், வேகம் போதாதென்று மேனேஜர் மகேஷ்குமார் காலையில் வெட்டி எறிந்திருந்தான். கேட்டதற்குச் சிரித்தான், பாவி.

லேப்டாப்பைத் திறந்தாள். ஆபீசில் அந்தப் புரோகிராம் ஓடுவது திரையில் தெரிந்தது. நிறுத்தும் உரிமை அவனிடம். கோமதியம்மாள், படித்தாயிற்று. சுயம்பு, பார்த்ததோடு சரி.

சிக்னலுக்காக லேப்டாப்போடு சந்தில் இறங்கி, அவனுக்குப் போன் போட்டாள்.

"சார், நிறுத்துங்க! வீட்டையே முழுங்குது!"

"அரே, நாலு லைன் போனா என்ன? டெலிவரி முடியட்டும், சோடோ நா, விடு."

"லைன் இல்லடா, நாசமாப் போறவனே! மனுசங்க!"

அவன் போனை வைத்துவிட்டான். திரை நகர்ந்தது.

கரீம் பாட்சா. படித்தாயிற்று.

எட்டிப் பார்த்தது.

பீவி.

"உம்மா! வெளிய வா!"

திரும்பினாள். கதவு இல்லை. பாசி. சுவர்.

இரண்டு கையாலும் அறைந்தாள். கோமதியம்மாள் வாசலுக்கு வந்து, "யாரும்மா நீ? சுவத்த எதுக்குப் போட்டு அடிக்க?" என்றாள்.

சுவருக்குள் குக்கர் விசிலடித்தது.

"கதவ யாரு சாத்துனா?" உம்மாவின் குரல், கொஞ்சம் எரிச்சலோடு. "தொறட்டீ."

பிறகு உள்ளேயிருந்து தட்டும் சத்தம். கரீம் பாட்சா வீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சுவருக்குள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.