தலைகீழ்க் கண்ணாடியில் நேராக நின்றவன்

ஊர் முழுக்கத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் நேராக நின்றான்.

நெய்னா முகம்மது தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். பனைமரங்கள் மேலே இருந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு வௌவால்களைப் போலத் தொங்கின. ராமநாதபுரம் போகிற பேருந்து சக்கரம் மேலாக ஊர்ந்தது. அதெல்லாம் சரிதான். வானம் பார்க்கச் செய்த குழாயில் எதுவும் தலைகீழாகத்தான் தெரியும். நட்சத்திரத்துக்குத் தலை எது, கால் எது என்று எந்தத் துரை கவலைப்பட்டான்? பழம்பொருள் வியாபாரத்தில் இறங்கிய நாள் முதலாக, குறை சொல்ல வருகிறவர்களின் வாயை அவர் இதைச் சொல்லித்தான் அடைத்துக்கொண்டிருந்தார்.

ஊருணிக் கரையில் நின்றவனுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் தலை மேலே இருந்தது, கால் கீழே இருந்தது. காலுக்கு அடியில் மண் இல்லை. சாயங்கால வானம்தான் இருந்தது. மடக்கிய வலது கையின் மேல் ஒரு துணி தொங்கியது.

'கண்ணாடியில் எங்கோ பழுது' என்று நினைத்தார். பழுது என்றால், குழாயை வாங்க வரும் கொச்சிக்காரன் விலையைக் குறைப்பான். பயத்துக்கு முன்னால் அவருக்கு அந்தக் கவலைதான் வந்தது.

தொண்டியின் கிழக்கு ஓரத்தில், கடற்கரை மணலில் நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு ஊரில் உருண்டை பங்களா என்று பெயர். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் முழுச் சூரிய கிரகணம் இந்தப் பக்கம் விழுந்தபோது, சீமையிலிருந்தும் மதராஸிலிருந்தும் துரைமார்கள் தொலைநோக்கிகளை வைக்கோல் திணித்த பெட்டிகளில் கட்டிக்கொண்டு தெற்கே ஓடிவந்தார்கள். பட்டப்பகல் இருட்டி மறுபடி விடிகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அத்தனை பாடு. பார்த்து முடித்ததும் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். ஒரு துரை மட்டும் போகவில்லை. வட்டச் சுவர் எழுப்பி, இரும்புக் குண்டுகளின் மேல் உருளுகிற தகரக் கூரை போட்டு, அதில் வானம் பார்க்க ஒரு நீளத் திறப்பும் வைத்து, இங்கேயே தங்கிவிட்டான். பிறகு அவன் என்ன ஆனான் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மதராஸ் வானாய்வுக்கூடம் கொடைக்கானல் மலைக்குக் குடிபோன காலத்திலும் இந்தக் குழாயை யாரும் தேடி வரவில்லை. "கொடைக்கானலுக்குப் போக வேண்டிய சாமான்தான். வழியில கோவிச்சுக்கிட்டு எறங்கிருச்சு" என்று நெய்னா கொச்சிக்காரனிடம் போனில் அடித்துவிட்டிருந்தார். நாளைக் காலை அவன் லாரியோடு வருகிறான்.

அதற்குள் கண்ணாடியைச் சோதித்துவிட வேண்டும். இன்று நோன்புப் பிறை தேடும் நாள். பிறையைக் குழாயில் பிடித்து, செல்போனில் படமெடுத்து அனுப்பிவிட்டால் கொச்சிக்காரன் வாயைத் திறக்கமாட்டான். ஒரே ஒரு இடைஞ்சல்: தாங்கு தூணில் யாரோ ஓர் இரும்புக் கட்டையை வைத்து அறைந்திருந்தார்கள். குழாய் மேலே எவ்வளவும் போகும், அடிவானத்துக்கு மட்டும் இறங்காது. சாயங்காலம் வெல்டிங் ஆளை வரவழைத்து அதை அறுக்கச் சொன்னார்.

காவலுக்கு இருந்த உக்கிரபாண்டி பக்கத்தில் வந்து நின்றான். இடத்துக்குச் சொந்தக்காரர் அபிராமத்தில் இருந்தார். சாவி இவனிடம்.

"எதுக்கு பாய் அதைப் போயி அறுக்குறீங்க? எங்க அய்யா காலத்துலருந்து அப்படியேதான் கெடக்கு."

"பிறை அடிவானத்துலதானப்பா தெரியும். ஒங்க அய்யா இதுல பிறை பாத்தாரா?"

"அவரு உள்ளயே வந்ததில்ல பாய்."

"அப்ப அவருகிட்ட கேக்க ஒண்ணுமில்ல. போயி டீ வாங்கிட்டு வா."

இவர் மணலில் மஃரிபு தொழுதுவிட்டு வந்தபோதும் அவன் திரும்பியிருக்கவில்லை. கடல்காற்று கதவைப் படபடவென்று அடித்ததால் உள்ளே தாழ்ப்பாள் போட்டார். பழைய எண்ணெய் நாற்றமும், புறா எச்சமும், அறுத்த இரும்பின் தீய்ந்த வாடையும் கலந்து அடைந்து கிடந்தன. கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரும்புக் குண்டுகள், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவனைப் போல, விட்டுவிட்டு நறநறத்தன.

மறுபடி பார்த்தார். ஊருணிக் கரையில் யாரும் இல்லை. பள்ளிவாசல் மினாராவுக்குப் பக்கத்தில் நின்றான். அதே ஆள். நேராக. கொஞ்சம் பெரிதாக.

குழாயை அவசரமாக நகர்த்தினார். அவருடைய வீட்டு மாடி வந்து நின்றது. தண்ணீர்த் தொட்டியும், கொடியில் சேலைகளும், பச்சைத் துப்பட்டி போட்ட மனைவி நூர் நிஷாவும் தலைகீழாகத் தொங்கின. அதைப் பார்த்ததும் நெஞ்சு இளகியது. போனைப் போட்டார்.

"பிறை தெரிஞ்சிருச்சா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நீ தெரியிற."

"என்னைப் பாக்கவா அங்கன போயி குழா வச்சீங்க? முப்பது வருசமா வீட்டுக்குள்ளதான் கெடக்கேன். கிட்டக்க வந்து பாக்கலாம்ல?"

"கையை ஆட்டு, பாப்போம்."

கண்ணாடிக்குள் அவள் கையை ஆட்டினாள்.

"தலைகீழா நின்னு ஆட்டுற."

"ஆமா, தலைகீழா நிக்கிற வயசுதான் எனக்கு." சிரித்தாள். "வரும்போது பேரீச்சம்பழம் வாங்கிட்டு வாங்க. பேரம் பேசுறேன்னு பெருநாளைக்கு வந்து நிக்காதீங்க."

"லைன்லயே இரு. பிறை தெரிஞ்சதும் சொல்றேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தார். திறப்பு வழியே வந்த மேற்கு வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. துண்டை எடுத்துத் தலையையும், பார்க்கிற முனையையும், திருகைப் பிடித்திருந்த வலது கையையும் சேர்த்து மூடிக்கொண்டு, நூர் நிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் அவள் கைப்பிடிச் சுவர் வழியே ஏதோ கேட்பதும், கொடியில் சேலைகள் படபடப்பதும் பையிலிருந்து மெல்லியதாகக் கேட்டன.

துண்டுக்குள் ஒரு கை வந்து அவருடைய இரண்டு விரலைப் பிடித்தது.

உக்கிரபாண்டி வந்துவிட்டான், விளையாடுகிறான் என்று நினைத்தார். மாட்டுச் சந்தைக்குப் போய்வருகிறவன், துண்டுக்குள் விலை பேசத் தெரியாதா? அந்தக் கை காய்ந்திருந்தது. சங்கு அறுக்கிற இடத்தில் படிகிற மாவு போல ஏதோ அதன்மேல் ஒட்டியிருந்தது.

நெய்னாவைப் பெற்ற அத்தா சங்குத் தரகர். துண்டுக்குள் கை போனால் வாய் திறக்கக் கூடாது. சரக்கின் பெயரைச் சொல்லக் கூடாது, கண் எதைப் பார்க்கிறதோ அதுதான் சரக்கு. உள்ளங்கையை அழுத்திவிட்டால் வியாபாரம் முடிந்தது, பெற்ற தகப்பனே வந்தாலும் மாற்ற முடியாது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நெய்னா பள்ளிக்கூடத்துக்கே போனார். அவர் கை அவரைக் கேட்டுக்கொண்டு பேரம் பேசாது. இரண்டு விரலுக்கு ஐந்து விரலையும் வளைத்துப் பிடித்து மேலே கேட்டது.

அந்தக் கை ஒரு விரலின் பாதியைத் தேய்த்தது. அரை ஏற்றம். அந்தக் குறி அத்தாவோடு மண்ணுக்குள் போய்விட்டது என்று நினைத்திருந்தார். ஆச்சரியத்தில் சிரிப்பு வந்தது. இன்னும் ஏற்றினார். அது தயங்கியது, மடக்கியது, கொஞ்சம் கொடுத்தது. என்ன சுகமான பேரம்! எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒரு கை கிடைத்து! வேண்டுமென்றே, யாரும் கேட்கத் துணியாத ஒரு விலையைக் கேட்டார்.

அது உடனே ஒத்துக்கொண்டது.

கேட்ட விலையை அப்படியே கொடுக்கிறவனைக் கண்டால் எந்த வியாபாரியும் சரக்கை மறுபடி எடுத்துப் பார்ப்பான். சரக்கின் மதிப்பு அவனுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. நெய்னா கையை இழுக்கப் பார்த்தார். அதற்குள், பழக்கத்தில், அவருடைய உள்ளங்கை அழுத்தியிருந்தது.

"பாய்!" கதவு தடதடத்தது. வெளியே உக்கிரபாண்டி. "டீ ஆறுது பாய். உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க?"

துண்டுக்குள் இப்போது எதுவும் இல்லை. அவருடைய கை மட்டும். விரல்களில் வெள்ளை மாவு.

துண்டை உதறி எறிந்தார். வட்டச் சுவர். தூண். புறா ஒன்று. வேறு யாரும் இல்லை.

எதை விற்றேன்?

கண் எதைப் பார்க்கிறதோ அதுதான்.

குழாயில் கண்ணை வைத்தார். நூர் நிஷா தொங்கிக்கொண்டிருந்தாள், தொட்டிக்குப் பக்கத்தில், மேற்கே பார்த்தபடி. அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், அவன் நின்றான். நேராக. கையின் மேல் துணி இல்லை.

"நூரு." பையிலிருந்த போனைப் பிடுங்கி வாயருகே வைத்தார். "நூரு, கீழ எறங்கு. அந்த வியாபாரம் செல்லாது. நான் ஒண்ணும் விக்கல. எறங்கு புள்ள!"

"என்ன வியாபாரம்? என்னங்க கத்துறீங்க?" என்றாள் அவள். "இருங்க, இருங்க. பிறை தெரியுது. மெலிசா, எம்புட்டு அழகா..."

"திரும்பிப் பாக்காத. ஓடு."

கண்ணாடிக்குள் துப்பட்டி அசைந்தது. காற்றில் அல்ல. அவள் மெதுவாகச் சுழலத் தொடங்கினாள், கடிகார முள்ளைப் போல, யாரோ தோளைப் பிடித்துப் பக்குவமாகத் திருப்பிவிடுவதைப் போல. வெளியே உக்கிரபாண்டி கதவை இடித்தான். கூரை நறநறத்தது.

"என்னங்க." அவள் குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "பிறை ஏன் என் காலுக்குக் கீழ இருக்கு?"

அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

வீடு தலைகீழாகத் தொங்கியது. தொட்டி தலைகீழாகத் தொங்கியது. பக்கத்து மாடிகளில் பிறை பார்க்க வந்த அத்தனை பேரும் தலைகீழாகத் தொங்கினார்கள். அவர்களுக்குக் கீழே, இருட்டிக்கொண்டு வந்த வானத்தில், நூர் நிஷா நேராக நின்றாள். அவன் கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பிறையின் பக்கமாக நடந்து போனார்கள்.