நாவறி வடிகட்டிய பசு

காலையில் நாவறிக் கருவி மெல்லக் கூவியதும் நேவிஸ் வாயைத் திறந்தான். வெள்ளைக் கரண்டி ஒன்று நீண்டு வந்து அவன் நாக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. இரும்புச்சத்து கொஞ்சம் கூடுதல், உப்பு கொஞ்சம் குறைவு என்று அதன் திரை சொன்னது. உள்ளே ஏதோ கலந்து, ஏதோ வடிந்து, இளஞ்சூட்டில் புட்டி வெளியே வந்தது. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு என் மகன் சிரித்தான்.

எங்கள் மிதவையூர் தூத்துக்குடிக் கரையிலிருந்து தள்ளி, கடல்மேல் நிற்கிறது. இங்கே எந்தக் கைக்குழந்தையும் பசித்து அழுவதில்லை. வயிறு கேட்பதற்கு முன்பே நாவறி நாக்கைப் படித்துவிடும். கரையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "என்ன பிள்ளைகளோ, சத்தமே இல்லையே!" என்று மூக்கில் விரலை வைப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஆனால் ஊரில் நாவறிகள் கொஞ்சம்தான். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும், அடுத்துப் பிறந்த பிள்ளையின் வீட்டுக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மேல்தளத்துத் தொழுவத்திலிருந்து வரும் பசும்பால்தான். நேவிஸுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பவுலின் இன்று மதியம் பச்சைப்பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அவளுக்குத் தாய்ப்பால் ஊறவில்லை.

நான் தயாராகத்தான் இருந்தேன். மற்றவர்கள் டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்குவார்கள். நான் கருவிகளைப் பழுதுபார்க்கிறவள் ஆயிற்றே, எனக்கு வேறு யோசனை! ஒரு மாதமாகப் பால் பவுடரைக் குறைத்து, காய்ச்சி ஆறவைத்த பசும்பாலை நாவறியின் தொட்டியிலேயே கூட்டிக்கொண்டு வந்தேன். இப்போது தொட்டி முழுக்கப் பசும்பால். பயல் முகம் சுளிக்கவே இல்லை.

"அப்போ அடுத்த வேளைக்கு டம்ளர்லயே குடுத்துருவோம்" என்ற என் கணவர் டென்சில், வேளை வந்ததும் பாலை ஊற்றிக் கொடுத்தார்.

நேவிஸ் ஒரு வாய் வாங்கி, அவர் சட்டையிலேயே துப்பினான்.

"டம்ளர் புதுசுல்லா, அதான்" என்றேன். புட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் துப்பினான். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அதே பாத்திரத்துப் பாலை நாவறியில் ஊற்றினேன். புட்டி வந்தது. மடக் மடக்கென்று குடித்தான்!

இதென்னடா கூத்து என்று நாவறியின் கழிவுத் தட்டை இழுத்துப் பார்த்தேன். மஞ்சளாக, பிசுபிசுவென்று, மாட்டு வாடையோடு ஒரு கட்டி. நான் பாலை மாற்ற மாற்ற, நாவறி அவன் நாக்குக்குப் பழகிய சுவைக்கே அதைத் திருப்பியிருக்கிறது. ஒரு மாதமாக நான் பசும்பால் ஊற்றினேன். அது பசுவை வடிகட்டிவிட்டது.

"அறிவாளிட்டி நீ" என்றார் டென்சில். "சரி, ரெண்டு நாள் பிந்திக் குடுப்போம். பவுலின் ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அது வரைக்கும் அவ பிள்ளை காத்தையா குடிக்கும்?"

"நம்ம பிள்ளை?"

"நம்ம பிள்ளைக்குப் பல்லு இருக்கு. சோறு திங்கான். அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கு?"

மதியம் நாங்கள் இருவருமாக நாவறியைத் தூக்கிப் பவுலின் வீட்டில் வைத்தோம். டென்சில் அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் நேவிஸ் வீரிட்டான். விழுந்தால் அழுவான், அது எனக்குத் தெரியும். இது வேறு. எங்கே வலிக்கிறது என்று கை காலையெல்லாம் தடவிப் பார்த்தேன். திரை இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தேன், காலியாக இருந்தது. பயந்துபோனேன். சோற்றைத் தட்டிவிட்டான். பாலைச் சூடாகக் கொடுத்தேன், ஆற்றிக் கொடுத்தேன், வாயை இறுக்கிக்கொண்டான்.

"நல்லாத்தாம்ல இருக்கு!" என்று ஆத்திரத்தில் டம்ளரை எடுத்து நானே குடித்தேன். அழுகை நின்றது. என் மேலுதட்டுப் பாலாடையை உற்றுப் பார்த்தான். விரலை என் வாய்க்குள் விட்டு என் நாக்கைத் தொட்டான். தினமும் காலையில் கரண்டி அவனைத் தொடுவது மாதிரியே தொட்டான். பிறகு அந்த விரலைத் தன் வாயில் வைத்து யோசித்தான். முகம் கோணியது. மறுபடியும் தொட்டான், மறுபடியும் சப்பினான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

டம்ளரைப் பிடித்து இழுத்தான். நான்கு வாய் குடித்தான். அப்புறம் கையால் தள்ளிவிட்டான். பாதிப் பால் மிச்சம் இருந்தது. புட்டியில் அவன் மிச்சம் வைத்ததே இல்லை. போதும் என்று சொல்ல என் பிள்ளைக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் மறுபடி வீரிட்டான். அப்போதுதான் வந்த டென்சில் செருப்போடு உள்ளே ஓடிவந்தார்.

"என்னாச்சு? எங்க அடிபட்டான்?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். "பசிக்குது அவனுக்கு."

அவர் என்னையே பார்த்தார். பெற்று ஒரு வருடமாகியும், திரையைப் பார்க்காமல் நான் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை. நேவிஸைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பால் ஊற்றப் போனேன். காது கூசும்படி அழுதான். சுவருக்கு அந்தப் பக்கம் பவுலின் வீட்டில், புதுப்பிள்ளை வந்த வீட்டில், சத்தமே இல்லை.