அம்சவேணியின் ஒப்பனை அறை

ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னக் காஞ்சிபுரத்தில் பழைய நாடகக் கொட்டகைகள் இருந்த தெருவைச் சுற்றிக் காட்ட, பிரேம்நாத் ஆட்களை அழைத்துக்கொண்டு கிளம்பினான். அவன் சட்டையில் சின்ன மைக். வந்தவர்கள் காதுகளில் இயர்போன். பஸ் ஹாரனுக்கு மேல் தொண்டை கிழியக் கத்த வேண்டாம், முணுமுணுத்தாலே போதும்.

ஒரு கொட்டகை இப்போது செல்போன் கடை. இன்னொன்று பட்டுச்சேலைக் கிடங்கு. அவற்றில் யாருக்கும் அக்கறை இல்லை. எல்லோரும் காத்திருந்தது கூரை எரிந்து, கரிந்த சுவர்களோடு நிற்கும் கடைசிக் கொட்டகைக்காகத்தான்.

பிரேம்நாத் குரலைத் தாழ்த்தினான்.

"இதுதாங்க அம்சவேணி செத்த இடம். ஊரையே கிறங்கடிச்ச நடிகை. ராஜபார்ட் போட்டவர் மேல உயிரையே வெச்சிருந்தாங்க. அவர் கைவிட்டதும் மேக்கப் ரூம்ல மண்ணெண்ணெய ஊத்திக்கினு..."

காதல் அவன் கட்டிவிட்டது. மண்ணெண்ணெயும்தான். அம்சவேணி அவனுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. நாடகத்தில் ஆடியவள் என்பதால் வீட்டில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை. தீயில் செத்தாள் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. காதல் இருந்தால் கூட்டம் வாயைப் பிளக்கிறது, சேர்த்துவிட்டான். செத்தவள் வந்து கேட்கவா போகிறாள்?

ஒப்பனை அறைக்குள் நுழைந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கரியும் வௌவால் எச்சமும் நாறும் இருட்டு. அந்த நாற்றத்துக்கு நடுவே, இப்போதுதான் யாரோ பூசிக்கொண்டதுபோல, முகப்பவுடர் வாசனை.

பிரேம்நாத் பேச்சை நிறுத்தினான்.

யாரும் அசையவில்லை.

அவன் வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து வந்திருந்த லக்ஷணா என்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கைதட்டினாள். மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

"செம எஃபெக்ட்ங்க! யாரு வாய்ஸ் குடுத்தது? அந்த அழுகை நெஞ்சையே அறுக்குது."

"எந்த அழுகைமா?"

அவள் சிரித்துக்கொண்டே தன் இயர்போனைக் கழற்றி நீட்டினாள். அவன் காதில் வைத்தான்.

முதலில் புகையில் திணறும் மூச்சு. பிறகு நகங்கள் மரத்தைப் பிறாண்டும் சத்தம்.

பிறகு ஒரு பெண்.

"வரதராஜா... கதவத் தெறடா. இனிமே மேடையேறவே மாட்டேன்டா. அக்காவுக்கு எரியுதுடா."

வரதராஜன், அவன் அப்பா.

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, செவிலிமேட்டிலிருந்த வீட்டுக்கு வண்டியை விரட்டினான். அப்பா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அத்தைய உள்ள வெச்சுப் பூட்டினது யாரு?"

அப்பா யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"ஊரே சிரிச்சுதுடா. அன்னிக்கு ஒரு நாள் ஆடாம இருக்கட்டும்னு வெளிய தாப்பாள் போட்டேன். அவ்ளோதான். உள்ள விளக்கு சாஞ்சுது போல. நெருப்பு நான் வெக்கலபா."

"கதவத் தட்டியிருப்பாங்களே?"

"தட்டினா. கத்தினா."

"அப்பவும் தெறக்கலியா?"

"அவ நடிக்கிறான்னு நெனச்சேன்."

காலையில் கேட்ட கைதட்டல் பிரேம்நாத்தின் காதில் மறுபடி ஒலித்தது. குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

வீட்டுக்குள் இரும்புத் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது.

ஓடினான். அப்பாவின் அறைக்கதவு மூடியிருந்தது. தோளால் இடித்தான். அசையவில்லை.

உள்ளிருந்து அப்பா இரண்டு கைகளாலும் கதவை அறைந்தார்.

"அக்கா! தெறக்கா! எரியுதுக்கா!"

புகை இல்லை. நெருப்பு இல்லை. ஆனால் கதவு கையைச் சுட்டது. தாழ்ப்பாளைத் தேடி அவன் விரல்கள் பலகை முழுக்கத் தடவின. மேலே. கீழே. மறுபடி மேலே.

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைக்க அப்பா விட்டதே இல்லை.